அவங்கட போத்தலில் எங்கட சோடா

அத்தானின் சோடாவை இரண்டு விதமாகக் குடிக்கலாம். மூடியைத் திறந்த சூட்டோடு குடித்தால் மூக்கால் வரும். கொஞ்சம் ஆறவிட்டுக் குடித்தால் வெறும் சீனித் தண்ணி. கடைகளில் பெட்டியை இறக்கும்போது நான் இதைச் சொல்லித்தான் இறக்குவேன். ஆட்கள் சிரித்துக்கொண்டு இன்னொரு பெட்டி வைக்கச் சொல்வார்கள். அத்தானின் காதில் விழுந்த நாளில் மட்டும் அவர் என்னோடு கதைக்கமாட்டார். அதுவும் எனக்கு நல்லதுதான், வேலை சொல்ல ஆளில்லை.

எங்கள் சோடாக் கொட்டில் துறைமுக வாசலுக்குப் போகும் வீதியில், காக்காவின் தேத்தண்ணிக் கடைக்கு நேரெதிரே இருந்தது. காக்கா கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர். பெரியவர் சிறியவர் எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கொட்டிலில் நாங்கள் மூன்று பேர். அக்கா போத்தல் கழுவுவாள். அவளுடைய புருஷன், என் அத்தான், கையால் சுற்றும் மெசினில் காஸ் ஏற்றி மூடி அடிப்பார். நான் கைவண்டிலில் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவருக்கு ஒருவர் காணும், போதும் என்று விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த உத்தியோகம் இது.

காஸ் சிலிண்டர் கொழும்பிலிருந்து ரயிலில் வரும். சாயமும் எசன்சும் கடைத்தெருவில் வாங்குவோம். தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர். போத்தலைப் போத்தல்காரர் கொண்டுவருவார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பழைய போத்தல் வாங்கும் மனிதர் அவர். அந்த நாளில் சோடாப் போத்தல் என்றால் எல்லாம் ஒரே போத்தல்தான். கொழும்பில் இருந்த பெரிய சோடாக் கம்பெனியின் போத்தல். கம்பெனியின் பெயர் கண்ணாடியிலேயே புடைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு மேலே அத்தான் தன் லேபிளை ஒட்டுவார். லேபிளைக் கொஞ்சம் அகலமாக அடித்ததே அதற்காகத்தான். எங்களை மாதிரிச் சின்னச் சோடாக்காரர் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை. மீன் சுற்றித் தருகிற பேப்பரில் யாருடைய பேச்சு அச்சடித்திருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

வெளிநாட்டுச் சாமானுக்கு நாட்டைத் திறந்துவிட்டாச்சு என்று எல்லாரும் சொன்ன காலம் அது. அதுவரை பாணுக்கும் சீத்தைத் துணிக்கும் வரிசையில் நின்ற சனம், கடைகளில் ரேடியோவும் ரின்னில் அடைத்த மீனும் குவிந்து கிடப்பதை வாய் பார்த்துக்கொண்டு நடந்தது. கம்பெனிச் சோடா முன்பும் எங்கள் ஊருக்கு வந்ததுதான். ஆனால் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. இப்போது லொறி நிறைய வந்தது. லொறிக்குப் பின்னால் இன்னொரு லொறியில் பிரிட்ஜ் வந்தது.

பிரிட்ஜ் கடைக்காரருக்குச் சும்மா. ஒரே ஒரு நிபந்தனைதான், அதற்குள்ளே கம்பெனிச் சோடாவைத் தவிர வேறொன்றும் வைக்கக்கூடாது. பஸ் நிலையத்துக் கடைகள் எல்லாம் வாங்கிக்கொண்டன. எங்கள் சோடா முன்புபோல ஈரச்சாக்குக்குக் கீழே, தண்ணீர்ச் சட்டிக்குள்ளே கிடந்தது. வெயிலில் வருகிற மனிதன் எதைக் கேட்பான்? ஒன்று சொல்லவேண்டும், எனக்கும் கம்பெனிச் சோடாதான் பிடிக்கும். குடித்தால் பல்லெல்லாம் கூசும். அத்தானிடம் இதைச் சொல்ல ஏலாது.

காக்காவும் ஒரு பிரிட்ஜ் எடுத்தார். எடுத்தவர், எங்கள் சோடாவிலும் பத்துப் பன்னிரண்டை அதற்குள்ளே அடுக்கினார். அதோடு நின்றாரா? வீட்டுக்கு வாங்கிய பாரை மீனையும் ஒரு ஓரத்தில் வைத்தார். கம்பெனியின் ஏஜண்டு, இறுக்கமான களிசான் போட்ட கொழும்பு மனிதர், ஒரு மத்தியானம் வந்து பிரிட்ஜைத் திறந்தார். கடையின் வாங்குப் பலகைகளில் துறைமுகத்து நாட்டாமைமார், கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள், சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வண்டிலில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது என்னது?" என்றார் ஏஜண்டு.

"பாரை மீன் தம்பி. காலையில புடிச்ச" என்றார் காக்கா.

"மீனைக் கேட்கல்ல. பக்கத்தில இருக்கிறதைக் கேட்கிறேன்."

"அது முன்னுக்குக் கொட்டில்ல செய்யிற சோடா."

"யாரு வைக்கச் சொன்னது?"

"மீன என்ட பொண்டாட்டி வைக்கச் சொன்ன. சோடாவ நான்தான் வச்ச" என்றார் காக்கா, விளக்கம் கேட்டதற்கு விளக்கம் சொல்கிற மாதிரி.

ஏஜண்டு லொறியிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் வயரைப் பிடுங்கி, பிரிட்ஜை அப்படியே தூக்கி லொறியில் ஏற்றினார்கள். மீனை எடுக்கவும் விடவில்லை. காக்கா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார்.

"அண்ணை, மீனுக்கு ரிக்கற் எடுத்தனீங்களோ?" என்று நான் கத்தினேன்.

வாங்குகளில் சிரிப்பு வெடித்தது. ஆனால் நாட்டாமைமாருக்குள் மூத்தவர், பெரியண்ணை என்று நாங்கள் கூப்பிடுகிறவர், சிரிக்கவில்லை. சோற்றுக் கையோடு எழும்பினார்.

"வயசு போன மனிசன்ர கடைக்குள்ள வந்து, அவற்ற சாப்பாட்டையும் தூக்கிக்கொண்டு போறான். இண்டையில இருந்து உவன்ர தண்ணியில ஒரு சொட்டு என்ர தொண்டைக்குள்ள இறங்காது. குடிக்கிறவன் என்னோட மூட்டை தூக்க வரத் தேவையில்லை."

கம்பெனிக்குச் சீனி மூட்டை கப்பலில் வந்தால் இறக்குவதும் இவர்கள்தான். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

"அப்ப அவன்ர சீனியை இறக்குவியளோ பெரியண்ணை?"

"அது தோள். இது தொண்டை. ரெண்டையும் குழப்பாத."

அப்படித்தான் தொடங்கியது. யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை, கூட்டம் வைக்கவில்லை. மீனோடு பிரிட்ஜைத் தூக்கிய கதை பாதையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனது. பாதை என்று நாங்கள் சொல்வது, குடாவைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை. கதை அந்தக் கரையில் இறங்கியபோது பாரை மீன் சுறாவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர்களும் அதையே பேசினார்கள், கோயில் வாசலில் தேங்காய் விற்கிறவளும் அதையே பேசினாள். பந்து விளையாட்டுப் போட்டியில் கம்பெனி சும்மா கொடுத்த சோடாவை இரண்டு பக்கத்துப் பெடியங்களும் தொடவில்லை. வெயிலில் நாக்குத் தள்ள விளையாடிவிட்டுப் பைப்பில் தண்ணீர் குடித்தார்கள். கடைக்காரர் பிரிட்ஜுகளில் கம்பெனிச் சோடா குளிர்ந்து குளிர்ந்து கிடந்தது. வாங்க ஆளில்லாமல் லொறியும் வராமல் நின்றது.

எல்லாரும் எங்கள் சோடாவைக் கேட்டார்கள்.

காக்கா வீதியைக் கடந்து கொட்டிலுக்கு வந்தார். "தம்பி, என்ட கடைசி மகளுக்கு கலியாணம் வருகுது. முழுக்க உங்கட சோடாதான். வேற ஒண்டும் வாசல்படி ஏறாது."

அத்தானுக்குச் சந்தோஷத்தில் முகம் சிவந்துவிட்டது. கிண்ணியாவில் ஒரு கலியாணத்தில் நல்ல பெயர் எடுத்தால் அடுத்த கலியாணங்கள் தானாக வரும். அவர் இந்தக் கொட்டிலைத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு காலைத் தூக்கி வைக்கப் பார்த்தவர். அன்று மெசினின் சக்கரத்தை அவர் சுற்றிய வேகத்தில் மெசின் தரையை விட்டுக் கிளம்பிவிடும் போலிருந்தது.

"அத்தான், ஆறுதலா. மெசினுக்கு மூச்சு வாங்குது" என்றேன்.

"போடா. வண்டிலை ஏத்து."

முதலில் கண்டுபிடித்தவள் அக்கா. போத்தல் கழுவுகிறவள் அவள்தானே. ஒரு காலையில் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கையில் தூரிகையோடு, சும்மா இருந்தாள்.

"என்னக்கா, தவமோ?"

"கழுவப் போத்தல் இல்லையடா."

அத்தான் மெசினை நிறுத்தினார். அன்று போத்தல்காரர் வந்தபோது சாக்கு முதுகோடு ஒட்டிக்கிடந்தது. உள்ளே சாராயப் போத்தலும் மருந்துக் குப்பியும்தான். சாராயப் போத்தல் காசைத் தாங்காது என்று சொல்வார் அத்தான். காஸை அவர் அப்படித்தான் சொல்வார். அடித்தால் வெடிக்கும்.

"சோடாப் போத்தல் எங்க?" என்று கேட்டார் அத்தான்.

"ஆர் குடிக்கினம், நான் பொறுக்க?" என்றார் போத்தல்காரர். "ஊர் முழுக்க உங்கட சோடாதான் முதலாளி. கம்பெனிச் சோடா குடிச்சாத்தானே கம்பெனிப் போத்தல் வரும்."

அவர் அதை எங்களைப் பாராட்டுகிற மாதிரித்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தானைப் பார்த்ததும் போய்விட்டது.

எங்கள் போத்தலும் திரும்பி வரும்தான், எல்லாம் வராது. சனத்துக்கு ஒரு போத்தல் கையில் கிடைத்தால் அதற்கு ஆயிரம் வேலை இருக்கிறது. முன்பு அப்படிக் குறைந்ததைக் கம்பெனியின் போத்தல்கள் வந்து நிரப்பின. ஊர் எங்களுக்காக அந்த வழியை அடைத்துவிட்டது. யாரிடம் போய் என்னவென்று சொல்வது? தயவுசெய்து கொஞ்சம் அவனுடைய சோடாவையும் குடியுங்கள் என்றா?

"வீடு வீடாப் போய்க் கேப்பம்" என்றார் அத்தான்.

போனேன். ஒரு வீட்டில் போத்தலில் மண்ணெண்ணெய். அடுத்த வீட்டில் நல்லெண்ணெய். இன்னொரு வீட்டில் மலைக் கோயில் தீர்த்தம். கேட்டதே பாவம் என்கிற மாதிரி அந்த அம்மா என்னைப் பார்த்தா. ஒரு வீட்டில் போத்தலின் அடியை வெட்டிப் பூக்கன்றுக்குக் கவிழ்த்திருந்தார்கள். எல்லாரும் என்னைக் கண்டதும் சொன்னது ஒன்றைத்தான்.

"தம்பி, நாங்கள் உங்கட சோடாதான் குடிக்கிறம். விடாதேங்கோ."

"ஓம் அன்ரி. போத்தல்?"

"அது இருக்கட்டுமே, எண்ணெய் வாங்கப் போகேக்கை வேணும்."

சைக்கிளில் இறக்கக்கண்டி வரைக்கும் போனேன். அங்கே மீன்பிடிக்கிற ஆட்கள் தாராளமான மனிதர், கேட்டவுடன் ஒரு சாக்குப் போத்தல் தூக்கித் தந்தார்கள். எல்லாவற்றிலும் சுறா எண்ணெய் வைத்திருந்தார்கள். அக்கா சுடுதண்ணீர், சோடாத் தூள், சாம்பல், தேசிக்காய்ப் புளி எல்லாம் போட்டுப் பார்த்தாள். கழுவிக் காய்ந்த போத்தலை அத்தான் மூக்கில் பிடித்தார்.

"மீன் வாசத்தில புதுச்சோடா எண்டு விப்பம்" என்றேன். "காக்காவின்ர மீன் திரும்பி வந்திட்டுது எண்டு சொல்லலாம்."

தூரிகை என் தலையைத் தாண்டிப் போய்ச் சுவரில் பட்டது. எறிந்தவள் அக்கா.

புதுப் போத்தல் வார்க்கிற இடத்துக்கு அத்தான் கொழும்புக்கே போய் வந்தார். அவர்கள் லொறிக் கணக்கில்தான் வார்ப்பார்களாம். எங்களுக்கு வேண்டிய அளவைக் கேட்டுவிட்டு, மாதிரிக்கு என்று நினைத்து, ஒரு போத்தலைச் சும்மா கொடுத்து அனுப்பினார்கள். அத்தான் அதை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கலியாணம் கிட்ட வந்துவிட்டது. கடைகளில், இண்டைக்கு இல்லை, நாளைக்கு, என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்தது. ஒரு நாள் பின்னேரம் அத்தான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு சொன்னார்.

"கந்தளாய்ப் பக்கம் இந்தப் பகிஷ்கரிப்பு ஒண்டும் இல்லை. அங்க கடையளில கம்பெனிச் சோடா கிடக்கும்."

"கிடந்தா?"

"வாங்கிக்கொண்டு வா."

அக்கா அவரையே பார்த்தாள். "இஞ்சேருங்கோ, என்ன சொல்லுறியள்?"

"போத்தலுக்கு. போத்தலுக்குத்தான்."

அப்படி நான் பஸ் ஏறினேன். கந்தளாய்க் கடைகளில் கம்பெனிச் சோடாவைப் பெட்டி பெட்டியாக வாங்கி, சாக்கால் மூடி, பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் என்ன இது என்று கேட்டார். சாமி வீட்டு விசேஷம் என்றேன். எந்தச் சாமி என்று அவர் கேட்கவில்லை, எனக்கு அது மட்டும் நல்ல காலம்.

கொட்டிலின் பின்பக்கம், கிணற்றடியில் பெட்டிகளை இறக்கினோம். அத்தான் ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து வாழையடியில் கவிழ்த்தார். சிவப்பும் மஞ்சளுமாக நுரைத்துக்கொண்டு மண்ணுக்குள் போனது. நான் இரண்டைக் குடித்தேன். மூன்றாவதைப் பாதியில் வைத்தேன். நாலாவது ஏலாது. எறும்பு வரிசை வரிசையாக வந்தது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நல்ல சீனி போட்ட சாமான். ஏன் மண்ணுக்குள்ள ஊத்துறியள்? அப்பிடியே வச்சு எங்கட லேபிளை ஒட்டினாக் காணும்தானே? கலியாணத்துக்கும் ஆச்சு, வேலையும் மிச்சம்."

அத்தான் நிமிர்ந்தார். அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை.

"நான் சோடாக்காரன். கள்ளன் இல்லை. காக்கா என்ர சோடாவைக் கேட்டவர். என்ர சோடாதான் போகும்."

அவன்ர போத்தலில, என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவர் அடுத்த போத்தலைத் திறந்து கவிழ்த்தார். அக்கா கழுவினாள். பிறகு அவர் உள்ளே போய், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் எங்கள் சாயத்தைக் கலந்து, காஸ் அடித்து, அதே போத்தலை நிரப்பினார். ஊர் அவனுடைய சோடாவைக் குடிக்கவில்லை. நாங்கள் மட்டும் வாங்கினோம், வாங்கியதையும் குடிக்காமல் வாழைக்கு வார்த்தோம். அந்த வாழையாவது குலை போட்டதா என்றால், அதுவும் வாடித்தான் போனது.

நான் திரும்பத் திரும்பக் கந்தளாய்க்குப் போனேன். கலியாணத்துக்கு வேண்டியதில் அரைவாசி சேர்ந்துவிட்டது. அப்போதுதான் அந்த லொறி வந்தது.

மத்தியானம். காக்காவின் கடை வாங்குகளில் நாட்டாமைமார் முழுப்பேரும் இருந்தார்கள். லொறி காக்காவின் கடையைத் தாண்டி எங்கள் கொட்டில் வாசலில் நின்றது. ஏஜண்டு இறங்கினார். முகம் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் பொய் இருந்தது என்று சொல்லமாட்டேன். விற்கிறவனுக்கு வாங்குகிறவனைக் கண்டால் வருகிற சிரிப்புத்தான்.

"முதலாளி, கந்தளாய்க்குக் கணக்கில்லாம சோடா போகுதே என்று விசாரிச்சேன். உங்க தம்பிதான் வாங்குறாராம். எதுக்கு பஸ்ஸில அலையிறீங்க? நானே கொண்டு வந்து இறக்கிறேன். விலையும் குறைச்சுத் தாறேன்."

காக்காவின் கடையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. லொறிக்காரர் பெட்டியைக் கையில் தூக்கிவிட்டார்கள்.

அத்தான் லொறியைப் பார்த்தார். வீதிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நாட்டாமைமார் லொறியைத் தள்ளியே அனுப்பியிருப்பார்கள். ஆனால் கலியாணத்துக்கு அரைவாசிதான் இருந்தது. வேறு இடத்தில் போத்தல் இல்லை.

"இறக்குங்கோ" என்றார்.

லொறி போனதும் பெரியண்ணை வீதியைக் கடந்து வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள்.

"என்ன இது?"

"போத்தலுக்கு அண்ணை. போத்தல் இல்லை. எங்கட சோடாவை அடைக்க."

"சரி. அப்ப உள்ளுக்கை இருக்கிறது?"

"கொட்டுறனான்."

"என்ன?"

"கொட்டிப்போட்டுத்தான் எங்கட சோடாவை அடைக்கிறது."

யாரோ பின்னால் சிரித்தார்கள். "காசு குடுத்து வாங்கிக் கொட்டுறாராம் மச்சான்."

"உண்ணாண, சத்தியமாப் பெரியண்ணை" என்றேன் நான். "வாழையடியில வந்து பாருங்கோ. எறும்பைக் கேளுங்கோ."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. என் வாயிலிருந்து வந்தால் உண்மையும் பகிடிதான். எல்லாரும் சிரித்தார்கள். பெரியண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாங்கள் மூட்டை தூக்கிப்போட்டுப் பைப்பில தண்ணி குடிக்கிறம். ஆருக்கு? உனக்கு. நீ அவன்ர சோடாவை வாங்கி லேபிளை ஒட்டி எங்களுக்கே விக்கிறாய்."

"இல்லை அண்ணை..."

"காணும் விடு."

அதுதான் முடிவு. அதையும் யாரும் கூட்டம் வைத்து முடிக்கவில்லை. அடுத்த நாள் ஒரு நாட்டாமை காக்காவின் கடைக்குப் பக்கத்துக் கடையில் கம்பெனிச் சோடா கேட்டார். குளிராக இருந்தது. இன்னொருவர் கேட்டார். பந்து விளையாடுகிற பெடியங்களுக்கும் பைப் தண்ணீர் அலுத்திருந்தது. கேலிக்கு ஒரு காரணம் கிடைத்ததும் எல்லாருக்கும் தாகம் வந்துவிட்டது. என் வண்டிலைக் கண்டால், "டேய், எறும்பு சுகமோ?" என்று கேட்டார்கள். ஊரைப் பகிடி பண்ணித் திரிந்தவன் நான். இப்போது தலையைக் குனிந்துகொண்டு வண்டிலைத் தள்ளினேன்.

காக்கா வந்தார். கொட்டில் வாசலிலேயே நின்றார்.

"நான் நம்புறன் தம்பி. நீங்க கொட்டித்தான் இருப்பீங்க."

அத்தான் தலையை ஆட்டினார்.

"ஆனா மாப்பிள்ள வீட்டாக்கள் வேற மாதிரிக் கதைக்கிறாங்க. சோடாவ அவங்களே எறக்கிற எண்டு சொல்லிட்டாங்க. நான் என்ன செய்யிற? பொண்ணக் குடுக்கிறவன் நான்."

"அதுக்கென்ன காக்கா" என்றார் அத்தான்.

"கட்டாயம் வரணும். மூணு பேரும்."

போனோம். அத்தான் வெள்ளை வேட்டி, அக்கா கூறைச்சேலை அல்லாத நல்ல சேலை, நான் எண்ணெய் வைத்த தலை. பாதையில் எங்களோடு கூட வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கம்பெனி லொறி. நாங்கள் அதன் நிழலில்தான் நின்றுகொண்டு போனோம், வெயிலாக இருந்தபடியால்.

கலியாண வீட்டில் பந்தல் வாசலில் ஐஸ் நிறைந்த பெரிய அண்டா, அதற்குள்ளே சோடா. வருகிறவர் கையில் ஒவ்வொன்றைத் திறந்து கொடுத்தார்கள். எங்களைக் கண்டதும் காக்கா தானே வந்தார். வேறு ஆளை விட்டுக் கொடுப்பிக்கவில்லை. அண்டாவுக்குள் கையை விட்டு எடுத்து, திறந்து, தோளில் கிடந்த துண்டால் ஈரத்தைத் துடைத்து, அத்தானிடம் நீட்டினார். அவர் கண் அத்தானைப் பார்க்கவில்லை, போத்தலையே பார்த்தது.

கலியாண வீட்டில் வீட்டுக்காரர் தன் கையால் தருவதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அது சோடாவோடு நிற்காது. சுற்றி நின்றவர்களில் சிலருக்கு எறும்புக் கதை தெரியும். அவர்கள் அத்தானின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தான் வாங்கினார். வாயில் வைத்து, நிறுத்தாமல், முழுக்கக் குடித்தார். பிறகு வெறும் போத்தலைத் திருப்பி, வாய் விளிம்பைப் பெருவிரலால் சுற்றித் தடவினார். எங்காவது சில்லுப் போயிருக்கிறதா, மூடி பிடிக்குமா என்று பார்க்கிற தடவல். மெசினடியில் ஒவ்வொரு போத்தலுக்கும் செய்கிறது. ஒரு பெடியன் வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போனான்.

திரும்பிப் பாதையில் வரும்போது அக்கா கேட்டாள், மெல்லமாக. "எப்பிடி இருந்தது?"

அத்தான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல குளிர்" என்றார்.

அதற்குப் பிறகு போத்தல்காரர் ஒவ்வொரு நாளும் வந்தார். சாக்கு முதுகை வளைக்கிற பாரம். ஊர் முழுக்கக் கம்பெனிச் சோடாவைக் குடித்தது, ஊர் முழுக்கப் போத்தல் வந்தது. எங்கள் சோடாவை யாரும் கேட்கவில்லை. வண்டிலை நான் காலையில் எப்படி ஏற்றிக்கொண்டு போனேனோ அப்படியே மத்தியானம் தள்ளிக்கொண்டு வந்தேன். போத்தல்காரரை அத்தான் இனி வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நானும் அக்காவும் ஒவ்வொரு நாளும் பார்த்திருந்தோம். அவர் சொல்லவில்லை. வாங்கினார். மற்ற வேலை இல்லாதபடியால் அக்கா கழுவினாள், நான் அடுக்கினேன். பெட்டிகள் நிறைந்து, வாங்குக்குக் கீழே நிறைந்து, மெசினைச் சுற்றி நடக்க இடமில்லாமல் போத்தல் நின்றது. அவ்வளவு சுத்தமான போத்தல்கள் எங்களிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

"முதலாளி, நாளைக்கும் கொண்டு வரவோ?" என்று கேட்டார் போத்தல்காரர், வெறும் சாக்கை உதறி மடித்துக்கொண்டு.

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லுவேன் என்கிற மாதிரி. நான் குனிந்து இன்னொரு போத்தலை அடுக்கினேன்.

"கொண்டு வாங்கோ" என்றார் அவர்.